தொட்டாற்சுருங்கி வளர்ப்பு: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டு முற்றத்தில் தொட்டாற்சுருங்கி வளர்க்க விரும்பும் வன்னி வாசகர்கள் கேட்டவை இங்கே. பதில் தருபவர் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. தன் வளவில் இந்தச் செடியை விதையிலிருந்து வளர்த்து வருபவர்.

மல்லாவியிலிருந்து ஒரு தாய்: ரீச்சர், மகளுக்காக விதை போட்டேன். மூன்று கிழமை தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழுதா?

விதை பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு, தங்கச்சி. அதன் தோல் மிகவும் கடினமானது. தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் மண்ணுக்குள் சும்மா கிடந்திருக்கும். வெளியில் இந்தத் தோல்தான் அந்தச் செடியின் காவல். ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் அத்தனையும் கருகிவிடாமல், சில இந்த மாரிக்கும் சில அடுத்த மாரிக்கும் என்று பிரிந்து முளைக்கும். வீட்டில் அந்தத் தோலை நாம்தான் திறந்துவிட வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொதி அடங்கியதும் ஒரு கோப்பையில் ஊற்றி விதைகளைப் போடுங்கள். இரவு முழுவதும் அப்படியே ஊறட்டும். காலையில் பருத்திருப்பவற்றை உடனே நடலாம். பருக்காதவற்றின் ஓரத்தை நகவெட்டியால் மிக இலேசாகக் கிள்ளி, அல்லது தச்சர் மரம் தேய்க்கும் கடதாசியில் இரண்டு மூன்று முறை உரசி, மறுபடியும் ஊறவிடுங்கள். உள்ளே இருக்கும் பருப்பில் காயம் படக் கூடாது.

யோகட் கோப்பையின் அடியில் துளையிட்டு, செம்மண், ஆற்றுமணல், நன்றாக உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு விதை போதும். அரைச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்குள் முளை தெரியும். முதலில் வரும் இரண்டு தடித்த இலைகள் தொட்டால் மூடாது. அதைப் பார்த்து வேறு செடி என்று பிடுங்கிவிடாதீர்கள். அடுத்து வரும் சிறகு போன்ற இலைதான் சுருங்கும்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நமது பக்கத்தில் சூடு எப்போதும் போதுமானது. ஆனால் கார்த்திகை, மார்கழி அடைமழையில் இளம் தண்டு அடியோடு அழுகும். தை கடைசியில் அல்லது மாசியில் போடுவதுதான் நல்லது. கிணற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் கடுமையாக இருக்காது, கச்சான் காற்று தொடங்குமுன் வேர் ஊன்றிவிடும்.

புதுக்குடியிருப்பு இளைஞர்: விதைக்குக் காத்திருக்காமல் தெருவோரத்தில் நிற்கும் செடியைக் கிண்டி எடுத்து வந்தால் என்ன?

பெரும்பாலும் பட்டுவிடும், தம்பி. அதன் ஆணிவேர் அறுந்தால் செடி மீள்வது கடினம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்டகாலமாக நடந்துவருகிறது. ஆட்கள் நாளாந்தம் நடமாடாத பற்றைக்குள்ளும், மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்துக்கு அப்பாலும் ஒரு செடிக்காகக் கால் வைக்க வேண்டாம், மண்வெட்டி போடவும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தெரிந்த வளவில், தெரிந்த வயல் வரம்பில் நிற்கும் செடியிலிருந்து காய்ந்து பழுப்பான காயை மட்டும் கிள்ளி எடுங்கள். ஒவ்வொரு காயிலும் இரண்டு முதல் ஐந்து விதை வரை இருக்கும். ஒரு கைப்பிடி காய் ஊருக்கே போதும்.

கிளிநொச்சியில் சாதாரண தரம் படிக்கும் மாணவி: தசை இல்லாத செடி எப்படி அசைகிறது, ரீச்சர்?

நல்ல கேள்வி, பிள்ளை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பார். சின்னதாகப் பருத்திருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதேபோல ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் கலங்கள் தண்ணீரால் வீங்கி விறைப்பாக நிற்பதால்தான் இலை விரிந்திருக்கிறது. நீ தொட்டதும் அங்கே ஒரு மின்மாற்றம் உண்டாகி, காம்பு வழியாக ஓடுகிறது. அது வந்து சேர்ந்ததும், மூட்டின் ஒரு பக்கக் கலங்களிலிருந்து பொற்றாசியம் அயன்கள் வெளியேறுகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீரும் வெளியேறுகிறது. அந்தப் பக்கம் தளர்ந்ததும் இலை மடிந்துவிடுகிறது. பெரிய காம்பின் மூட்டில் கீழ்ப்பக்கக் கலங்கள் தளர்வதால், காம்பே சரிந்து தொங்கும்.

மூடுவதற்குச் சில வினாடி போதும். விரிவதற்குப் பத்து நிமிடம், அரை மணி என்று நேரம் எடுக்கும். அயன்களைச் சக்தி செலவழித்து உள்ளே இழுத்து, தண்ணீரை மறுபடி நிரப்ப வேண்டும் அல்லவா? வங்காளத்து விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ் இந்தச் செடியின் மின்தூண்டலை மிக நுட்பமான கருவிகளை அமைத்து அளந்தவர். நீயும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு கிளையின் நுனிச் சிற்றிலையை மட்டும் மெதுவாகத் தொட்டு, மூடல் எத்தனை சோடி தூரம் போய் நிற்கிறது என்று எண்ணு. பின்பு அதே இலை விரிந்ததும் சற்றுப் பலமாகத் தட்டிப் பார். இரண்டையும் கொப்பியில் எழுது. கால் ஏக்கர் பற்றையைச் சுற்றிப் பார்ப்பதைவிட ஒரு சட்டிச் செடியை இப்படிப் பொறுமையாகப் பார்ப்பதில் நீ அதிகம் கற்றுக்கொள்வாய்.

அதே மாணவி: என் தம்பி நாள் முழுதும் தொட்டுக்கொண்டே இருக்கிறான். செடி செத்துவிடுமா?

சாகாது, ஆனால் மெலியும். மூடியிருக்கும் நேரத்தில் இலைக்கு வெளிச்சம் குறைவாகவே கிடைக்கும், உணவு தயாரிப்பும் குறையும். ஒரு நாளில் ஓரிரு முறை என்று தம்பிக்கு விதி வை. முளைத்து ஒரு மாதமாகும் வரை தொடவே வேண்டாம். இதில் அதிசயம் ஒன்று உண்டு. மொனிக்கா காக்லியானோ என்ற ஆய்வாளரின் குழு சட்டிகளை 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டுப் பார்த்தது. தீங்கு வராததால், சிறிது நேரத்தில் செடிகள் மூடுவதை நிறுத்திவிட்டன. சட்டியை வேறுவிதமாகக் குலுக்கியபோது மூடின. ஆகவே அது களைப்பு அல்ல. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழவிட்டபோதும் அவை பொருட்படுத்தவில்லை. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது. மூளை இல்லாத உயிரில் இதை நினைவு என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நீ ஒருநாள் போக வேண்டும் என்பது என் ஆசை.

பூநகரி வாசகர்: இலை ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது. தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன்.

உங்கள் பக்கத்துக் கிணறு உவர் என்று நீங்களே சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள், அண்ணா. பூநகரிப் பக்கம் பல கிணறுகளில் உப்பு அதிகம். ஒவ்வொரு நாளும் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் சட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான். மாரியில் கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். ஒரு சட்டிக்கு ஒரு பீப்பாய் நீண்டநாள் வரும். நுளம்பு புகாதபடி துணியால் கட்ட மறக்க வேண்டாம். இப்போதைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் சட்டியின் அடியால் ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கருகிய இலை திரும்பாது. புதிய துளிர் பச்சையாக வந்தால் செடி தப்பிவிட்டது.

நெடுங்கேணியிலிருந்து: ஆனி, ஆடியில் வாடிப்போகிறது. நிழலில் வைத்தால் பூப்பதில்லை. என்ன செய்வது?

காலை வெயில் படும் கிழக்குப் பக்கத் திண்ணைதான் இதற்கு இடம். பூவுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மதியத்துக்குப் பிறகு கிடுகு ஒன்றைச் சரித்து மறைப்புக் கொடுங்கள். கச்சான் காற்று வெயிலைவிடக் கொடியது. அது இலையை ஓயாமல் அசைத்து மூட வைப்பதோடு, மண்ணையும் உலர்த்திவிடும். சுவரோரமாக நகர்த்தினாலே பாதித் தொல்லை தீரும். சின்னச் சட்டியைப் பெரிய சட்டிக்குள் வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பினால் வேர் சூடாகாது. மண்ணின் மேல் தும்புத்தூள் அல்லது வைக்கோல் போடுங்கள். தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். கடும் கோடையில் மாலையிலும் கொஞ்சம்.

முழங்காவில்: யூரியா போடலாமா?

வேண்டாம். இதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியா வளியிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. யூரியா போட்டால் இலை மட்டும் கொழுத்து, பூ வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிடி உக்கிய எரு போதும்.

மாங்குளம் வாசகி: கோப்பையிலிருந்து சட்டிக்கு மாற்றும்போது வேரில் கெட்ட நாற்றம் வந்தது. அழுகிவிட்டதா?

வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் அழுகலே இல்லை. தொட்டாற்சுருங்கியின் வேரும் தொடுகையை உணரும். விரல் பட்டாலோ மண்ணோடு உரசுப்பட்டாலோ அது கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் கண்ணாடியாலும் உலோகத்தாலும் தொட்டபோது அப்படி வெளியிடவில்லை என்று கண்டார்கள். இலை மட்டும்தான் உணர்கிறது என்று நினைத்திருக்கும் நமக்கு எவ்வளவு பெரிய செய்தி! அழுகல் என்றால் வேர் கறுத்து, விரலில் குழையும். அப்போது அந்தப் பகுதியை வெட்டி, மணல் கூடிய கலவைக்கு மாற்றுங்கள். பொதுவாக, நான்கு இலை வந்ததும் கோப்பையை வெட்டி மண்கட்டி உடையாமல் சட்டிக்கு மாற்றிவிட்டால், பிறகு அதை அசைக்க வேண்டி வராது.

செட்டிகுளம்: இலையின் அடியில் மெல்லிய வலை. இலை மங்கிப் புள்ளிபுள்ளியாக இருக்கிறது.

செஞ்சிற்றுண்ணி. உலர்ந்த கோடையில் வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பலமாகக் கழுவுங்கள்; செடி மூடிக்கொண்டாலும் பரவாயில்லை. போகவில்லையென்றால் ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் கிழமைக்கு ஒருமுறை தெளியுங்கள்.

ஒட்டுசுட்டான் விவசாயி: முள் இருக்கிறதே, வேலியோரம் அல்லது வரம்பில் நட்டால் ஆடு மாடு வராது அல்லவா?

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தச் செடி தென், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. சட்டியில் அழகு, வயலில் களை. காயின் ஓரத்துச் சுணை மாட்டின் மயிரிலும் சாரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் முழுக்கப் போகும். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடு வரம்பில் நடப்பவருக்கும் களை பிடுங்கும் பெண்களுக்கும் அந்த முள் பெரும் வேதனை. இலையில் உள்ள மிமோசின் என்ற பொருள், கால்நடை அதிகமாகத் தின்றால் நஞ்சாகும். இப்பில் இப்பில் மரத்தின் இலையில் இருப்பதும் அதே பொருள்தான்.

இதன் பெரிய உறவான மிமோசா பிக்ரா ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பற்றையாக வளர்வது. 1990களில் கண்டிப் பக்கம் மகாவலிக் கரையோரம் பரவியது கவனத்துக்கு வந்தது. அவுஸ்திரேலியாவின் வடக்கில் பெரிய ஈரநிலங்களையே அது மூடிவிட்டது. குளங்களை நம்பி வாழும் நமக்கு அந்த நிலை வரக் கூடாது. குளக்கட்டிலோ வாய்க்காலிலோ உயரமான, முள் நிறைந்த, தொட்டால் மூடும் பற்றையைக் கண்டால், காய்க்குமுன் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். உங்கள் வேலிக்குக் கிளுவையும் பூவரசும் இருக்கின்றனவே.

விடத்தல்தீவு: பின்னேரம் யாரும் தொடாமலே மூடிக்கொள்கிறது. நோயா?

நோயில்லை, உறக்கம். புளியும் வாகையும் அப்படித்தான். 1729ஆம் ஆண்டு தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இத்தகைய செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. உயிரினங்களுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. உங்கள் ஊரின் பெயரிலேயே நிற்கும் விடத்தலும் இதற்கு உறவு. இளஞ்சிவப்பும் மஞ்சளுமான அதன் பூவை அடுத்தமுறை உற்றுப் பாருங்கள்.

வவுனியாத் தாய் ஒருவர்: பிரான்சில் இருக்கும் மகள் மஞ்சள் பூப்பூக்கும் மிமோசா விதை அனுப்புகிறேன் என்கிறாள்.

பெயர் மிமோசா என்றாலும் அது தொட்டாற்சுருங்கி அல்ல; அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அக்கேசியா மரம், வேறு இனம். குளிர்ந்த இடத்தில் செழிப்பது; வவுனியா வெயிலுக்கு ஒத்துவராது. அனுமதியில்லாமல் விதையைத் தபாலில் வரவழைப்பது 1999ஆம் ஆண்டின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் மாறானது. மகளிடம் பூவின் படத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

துணுக்காய்: அம்மம்மாவின் மூலநோய்க்கு வேரை அவித்துக் கொடுக்கலாமா?

நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்துவார்கள் என்பது உண்மை. ஆனால் அளவு தெரியாமல் வீட்டில் அவித்துக் கொடுக்க வேண்டாம். வயதானவர் வேறு மருந்தும் எடுப்பார். இரத்தம் போனால் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டுமென்றால், பதிவுபெற்ற வைத்தியரிடம் கேளுங்கள்.

அக்கராயனிலிருந்து ஒரு மாணவன்: ஒரு வருடச் செடி நீண்டு, அடியில் இலையில்லாமல் நிற்கிறது. வெட்டலாமா?

வெட்டலாம், மகன். மாரி தொடங்குமுன் பாதி உயரத்துக்கு வெட்டு, முள்ளுக்குக் கையுறை போட்டுக்கொள். மழைக்குப் புதுக்கிளை வரும். ஆனாலும் இரண்டாம் ஆண்டில் அழகு குறையும். ஆகவே மாசியில் புதிய விதை போட்டுவிடு. இளஞ்சிவப்புப் பூ வாடியதும் காய்க்கொத்து பச்சையாக வரும். உனக்கு வேண்டிய ஒன்றிரண்டு கொத்தை மட்டும் விட்டு, மற்றதை எல்லாம் அப்போதே கிள்ளிவிடு. விட்ட கொத்து பழுப்பாகத் தொடங்கியதும் கடதாசிப் பையால் மூடிக் கட்டு. உதிர்வதெல்லாம் பைக்குள் விழும். அதை உலர்ந்த போத்தலில் போட்டு, ஆண்டை எழுதி வை.