மயக்க டாக்டர் ஏன் இல்லை?

கேள்வி: மகளைத் தலைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்திருந்தோம். ராத்திரி வலி எடுத்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், மயக்க டாக்டர் இல்லை என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்றாலும் அந்த ராத்திரியை மறக்க முடியவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று சுற்றிலும் மெடிக்கல் காலேஜ். இத்தனை இருந்தும் டாக்டர் இல்லையென்றால், சம்பாத்திய ஆசையில் சின்ன ஊருக்கு வர மறுக்கிறார்கள் என்பதுதானே காரணம்?
– வாசகி, பள்ளத்தூர் பக்கம்

பதில்: இல்லை, ஆச்சி. டாக்டரின் ஆசை மேல் பழியைப் போட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரு நாற்காலி இரவும் பகலும் காலியாகாமல் இருக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, கோர்ட்டு சாட்சி, ராத்திரி டியூட்டிக்கு மறுநாள் ஓய்வு எல்லாம் சேர்த்தால் நான்கைந்து பேர். சிசேரியனுக்கு மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும் ஒரே நேரத்தில் வேண்டும். பிள்ளை அழாமல் பிறந்தால் குழந்தை டாக்டரும் ஓடி வர வேண்டும். மகப்பேறுக்கும் மயக்கத்துக்கும் மட்டுமே இப்படி எட்டுப் பத்து ஸ்பெஷலிஸ்ட் இருந்தால்தான் ஒரு ஆஸ்பத்திரி ராத்திரியிலும் பிரசவம் பார்க்கும். மயக்கவியலுக்கு ஒரே ஒரு பணியிடம் போட்டுவிட்டு 24 மணி நேர சேவை என்று போர்டு வைத்தால், அந்த ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாதி ராத்திரிகளில் ஆள் இருக்காது.

நாடு முழுக்க நிலைமை இதைவிட மோசம். சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம், அதில் அறுவை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகியவற்றுக்கு ஸ்பெஷலிஸ்ட்டுகள் என்பது விதி. கிராமப்புற நிலையங்களில் இவர்களில் சுமார் 80 சதவீதம் பற்றாக்குறை என்று மத்திய அரசின் 2021-22 புள்ளிவிவரமே சொல்கிறது. அதே அரசு 2024இல் 836 பேருக்கு ஒரு டாக்டர் இருப்பதாகவும் சொன்னது. பதிவேட்டில் உள்ள 13.86 லட்சம் அலோபதி டாக்டர்களில் 80 சதவீதம் பேர் வேலையில் இருப்பதாக ஓர் அனுமானம். அதோடு ஆயுஷ் டாக்டர்களையும், அதாவது சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்றவற்றைப் படித்தவர்களையும், கூட்டிக்கொண்டார்கள். ஆயுஷைக் கழித்தால் அது 1,260 பேருக்கு ஒருவர் என்று ஆகிவிடும். சித்த மருத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட சித்த டாக்டர் வர முடியாது, அவ்வளவுதான்.

சரி, காலேஜ்கள் என்ன ஆயின? 2014இல் நாடு முழுக்க 51,348 எம்.பி.பி.எஸ். இடங்கள், இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்தவர் மயக்க டாக்டர் ஆகிவிடுவதில்லை. நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் அறைக்குள் அடைந்து படிப்பு, பிறகு மூன்று வருஷம் பிஜி என்கிற மேற்படிப்பு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசுக் கல்லூரிகள், 1,450 இடங்களோடு திறக்கப்பட்டன. ராமநாதபுரமும் அதில் ஒன்று. அங்கே முதல் வருஷம் சேர்ந்த பிள்ளை ஸ்பெஷலிஸ்ட்டாக வெளியே வர 2031, 32 ஆகும். அதுவரை அந்தக் கல்லூரிக்குப் பேராசிரியர் எங்கிருந்து வருவார்? இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்டுகளிலிருந்துதான். கல்லூரி திறக்கும்போது முதலில் ஆள் குறைவது தாலுகா ஆஸ்பத்திரியில் என்பதை ரிப்பன் வெட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை.

சின்ன ஊருக்கு டாக்டரை வரவைக்கும் வழி நமக்குத் தெரியாததல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற அரசுப் பணியில் இருந்த டாக்டர்களுக்கு பிஜி இடங்களில் 50 சதவீதம் என்று தமிழ்நாடு வைத்திருந்தது. கிராமத்துக்கு இளம் டாக்டர்கள் விரும்பி வந்ததற்கு அது பெரிய காரணம். 2017இல் மத்திய விதிகளைக் காட்டி அது நிறுத்தப்பட்டது. 2020 ஆகஸ்டு 31ஆம் தேதி, மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்ல வேண்டியிருந்தது. இடையில் போன வருஷங்கள் போனவைதான்.

பணமும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. வெளியே நாலு நர்சிங் ஹோமுக்குக் கேஸ் கணக்கில் போகும் மயக்க டாக்டர் அரசுச் சம்பளத்தைவிட அதிகம் பார்ப்பார். ஆனால் தனியாளாக ராத்திரி கேஸ் எடுத்து, ஏதாவது ஆனால் கூட்டம் சட்டையைப் பிடிக்கும் என்ற பயமும் சின்னதல்ல. ஆஸ்பத்திரித் தாக்குதலுக்கு எதிராக 2008லேயே சட்டம் போட்டாயிற்று. கூடவே இன்னொரு டாக்டர் நிற்பதுதான் அவருக்கு நிஜமான தைரியம்.

உறவில் யாராவது கர்ப்பமாக இருந்தால், ஏழாம் மாதமே பக்கத்துச் சீமாங் சென்டர் (அவசரப் பிரசவமும் பச்சிளம் குழந்தையும் பார்க்கும் அரசு மையம்) எது, ராத்திரி அங்கே மயக்க டாக்டர் உண்டா, ரத்தம் இருக்குமா என்று கிராம செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் ஒன்று செய்யுங்கள். மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் மயக்கவியல், மகப்பேறு, குழந்தை நலம் மூன்றுக்கும் அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, மாற்றுப் பணியில் வேறிடம் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், போன ஆறு மாதத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை எத்தனை பிரசவங்களை வெளியே அனுப்பினார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.