பழைய காருக்கு மாற்றாகச் சிறிய ஹேட்ச்பேக்

வணக்கம். குறைவாக ஓடிய பழைய ஹேட்ச்பேக்கை வாங்குவதா, அதே விலையில் சற்று அதிகம் ஓடிய புதிய மாடலை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஏனெனில் ரப்பர் குழாய்களும் டயர்களும், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டும், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும், வயதாலேயே கெடுகின்றன. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி, நீங்கள் மிச்சப்படுத்திய பணம் முழுவதும் பழுதுபார்ப்பிலேயே போய்விடும். ஆகவே பெல்ட் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி. வசதி இல்லாத வண்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சத்தமும் புகையும் தெரியாமல் போகக்கூடும்.