தேற்றானா, எட்டியா? காயை வெட்டிப் பாருங்கள்

நண்பரே, கிணற்றோரம் நிற்கும் மரத்தை ஊரார் தேற்றான் என்கிறார்கள், இலை நச்சு மரமான எட்டி போலத் தெரிகிறது, தண்ணீர் தெளிய அதன் கொட்டையைக் குடிநீர்ப் பானையில் உரசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம்.

உங்கள் குழப்பம் நியாயமானது. இரண்டும் ஒரே பேரினம். இரண்டிலுமே இலைகள் எதிரெதிராக அமைந்து, அடியிலிருந்தே 3 முதல் 5 நரம்புகள் கிளம்பி நுனி நோக்கி வளைந்தோடும். பூ ஓரளவு உதவும்: எட்டி கிளை நுனியில் வெளிர்பச்சையாகப் பூக்கும், தேற்றான் இலைக்கக்கத்தில் (இலை கிளையோடு சேரும் இடத்தில்) வெள்ளையாகப் பூக்கும்.

ஆனால் பழுத்த காய்தான் சந்தேகத்தை அறவே தீர்க்கும். எட்டிப்பழம் ஆரஞ்சு நிறம், ஓடு கெட்டி. வெட்டினால் வெண்ணிறச் சதைக்குள் சட்டைப் பொத்தான் போன்ற தட்டை விதைகள், மேலே பட்டு ரோமம் மினுங்கும். அந்த விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தேற்றான் பழமோ சுமார் 2 செ.மீ.தான், பழுத்தால் கறுக்கும், உள்ளே பெரும்பாலும் உருண்டையான ஒரே கொட்டை.

நீங்கள் இட்ட படத்தில் இலை மட்டுமே இருக்கிறது. கையுறை அணிந்து ஒரு பழத்தை வெட்டி, விதை தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை குழந்தைகளை அந்த மரத்தடிக்கு விடாதீர்கள். வெட்டிய கத்தியைச் சமையலறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.