பள்ளிக் காகிதங்களை எரிக்க அனுமதி கிடைக்குமா? கேள்வி பதில்

(நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (தலைமையாசிரியர்): மூன்றாண்டு விடைத்தாள்களும் பழைய நோட்டுகளும் ஓர் அறை நிறையக் கிடக்கின்றன. விடுமுறை நாளில் மைதானத்தின் மூலையில் எரித்துவிட அனுமதி கேட்டுப் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு எழுதலாமா?

பதில்: அந்தக் கடிதம் வேண்டாம், ஐயா. திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடைசெய்து தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. சிறு அளவில் எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றும் அதில் கூறியது. அந்தத் தடை இருக்கையில் செயல் அலுவலர் மனம்வைத்தாலும் அனுமதி தர வழியில்லை. காகிதத்தைத் தரம் பிரித்து வைத்திருக்கிறோம், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள். அதைச் செய்து தருவது அவருடைய கடமை.

கேள்வி (அலுவலக உதவியாளர்): மாணவர்களின் மதிப்பெண்களும் ஆதார் நகல்களும் அதில் உள்ளன. எடைக்குப் போட்டால் வெளியே போய்விடாதா? எரிப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: உங்கள் கவலை மிகவும் நியாயமானது, ஆனால் தீ அதைத் தீர்ப்பதில்லை. அடுக்கிக் கட்டிய விடைத்தாள் கட்டின் உள்ளே காற்று புகாததால் ஓரம் மட்டும் கருகி, நடுத்தாள்கள் வெள்ளையாகவே எஞ்சும். அணைந்த சாம்பலைக் குச்சியால் கிளறியபோது, பெயரும் மதிப்பெண்ணும் சிவப்பு மையில் தெளிவாகத் தெரிந்த தாள்களை நானே கையில் எடுத்திருக்கிறேன். ஆகவே இத்தகைய தாள்களை மட்டும் தனியே பிரித்து, கிழிக்கும் இயந்திரத்தில் இடுங்கள். அது இல்லையென்றால் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்குங்கள். நம் வீடுகளில் காகிதக் கூழோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து முறம் மெழுகினார்களே, கூடை செய்தார்களே, அதே கூழ்தான். கைத்தொழில் வகுப்புக்கும் உதவும். சேர்க்கைப் பதிவேடு போன்ற நிரந்தர ஆவணங்கள் இந்தக் குவியலில் கலந்துவிடாமல் முதலில் சரிபாருங்கள்.

கேள்வி (பெற்றோர்): மாதத்துக்கு ஒருமுறை சிறிதளவு எரிப்பதால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிவிடும்?

பதில்: காகிதப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் உண்டு. அவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் தங்கள் எடைக்கு அதிகமாகக் காற்றைச் சுவாசிப்பதால் பாதிப்பும் அவர்களுக்கே அதிகம். குவியலில் நெகிழி அட்டையோ தெர்மாகோலோ கலந்திருந்தால் புகை இன்னும் நச்சாகும். தீப்பொறியையும் மறக்கக் கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. எரியும் தாள் காற்றில் எழுந்தால் எங்கே போய் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கேள்வி (ஆசிரியை): பெண்கள் கழிப்பறையில் உள்ள நாப்கின் எரிப்பானில் போடலாமா?

பதில்: கூடாது, அம்மா. அது அதற்கென்றே அமைந்த சிறு கருவி.

கேள்வி (தலைமையாசிரியர்): பழைய பேப்பர் கடைக்கே கொடுத்துவிடலாமா? ஊசிகளையெல்லாம் பிடுங்க வேண்டுமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். அரசுப் பள்ளியெனில் மேலதிகாரியின் ஒப்புதல் பெற்று, எடையைக் குறித்து, பணத்தைக் கணக்கில் சேர்த்து, ரசீதைக் கோப்பில் வையுங்கள். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் புகழூர் அரசு ஆலையிலும் பழைய தாள் கூழாகிறது. ஸ்டேப்ளர் ஊசிகள் இருக்கட்டும், ஆலையில் பிரித்துவிடுவார்கள். நெகிழிச் சுருளையும் லேமினேஷன் செய்த அட்டைகளையும் மட்டும் நீக்குங்கள். மழைக்கு முன் அனுப்பிவிடுங்கள், நனைந்த தாளுக்கு விலை குறையும்.