உண்மை என்பதற்காக எழுதிவிடலாமா?

கேள்வி: மனநோயை மறைக்கும் குடும்ப வழக்கத்தைப் பற்றி ஒரு மாத சஞ்சிகையில் தொடர் எழுதுகிறேன். தம்பியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ‘என் ஒரே தம்பி’ என்று மட்டுமே எழுதினேன். அவனைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்பவள் நான். மருந்துகள் குறிக்கப்படும் அவனது கிளினிக் கொப்பியும் என்னிடமே இருந்ததால், மருந்து விவரங்களைப் பிழையின்றித் தர முடிந்தது. இப்போது அவன் சட்டத்தரணி மூலம், வழக்குக்கு முன் அனுப்பப்படும் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறான். எழுதியது முழுவதும் உண்மை. எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கிளினிக் கொப்பியை ஒரே வாக்கியத்தில் கடந்து செல்கிறீர்கள், உங்கள் வழக்கு முழுவதும் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. தனக்கு முடியாத நாட்களில் துணைக்கு வந்த அக்கா என்பதால் தம்பி அதை உங்களிடம் விட்டுவைத்தார். அதைத் திறந்து அச்சுக்குக் கொடுத்துவிட்டு, ‘பிழையின்றி’ என்று பெருமையும் கொள்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சையும் வெளியீட்டையும் காக்கிறது. அந்தரங்கம் அங்கே தனியொரு அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை என்பதும் சரி. ஆனால் உங்கள் தம்பி அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஒருவரது கண்ணியத்துக்கு வேண்டுமென்றே இழைக்கப்படும் ஊறுக்குப் பரிகாரம் கேட்க, ஒல்லாந்தர் ஆட்சியில் வந்து இந்நாட்டில் இன்றும் நிலவும் உரோமன் ஒல்லாந்துச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. உண்மை என்ற வாதம் மானநட்ட வழக்கிலேயே தனித்து நிற்காது. வெளியிட்டதால் பொதுநன்மை விளைந்தது என்றும் காட்ட வேண்டும். அந்தரங்கத்தைத் திறந்துவிட்டதாகக் குற்றம் சாட்டும்போது, விவரம் உண்மையாக இருப்பதே காயத்தை ஆழமாக்குகிறது.

அன்று பிரித்தானியாவின் அதியுயர் மேன்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2004இல் தீர்த்த, மொடல் அழகி நவோமி கேம்ப்பெலின் வழக்கைப் பாருங்கள். போதைப்பொருள் பாவிப்பதில்லை என்று அவர் வெளிப்படையாகப் பொய் சொல்லியிருந்தார். ஆகவே அவருக்கு அப்பழக்கம் உண்டு என்பதையும் சிகிச்சை பெறுகிறார் என்பதையும் பத்திரிகை எழுதலாம் என்பதை அவர் தரப்பே ஏற்றுக்கொண்டது. சிகிச்சையின் விவரங்களையும் போதையிலிருந்து மீள்வோர் கூடும் கூட்டத்துக்கு வெளியே மறைவாக எடுத்த படங்களையும் வெளியிட்டதற்காகவே, ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். ஊரறிந்த, ஊரிடம் பொய் சொன்ன ஒருவருக்கே அந்த அளவு காப்பு உண்டென்றால், யாரிடமும் எதையும் சொல்லாத உங்கள் தம்பிக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல், சிறைக்கைதி ஒருவரின் வாழ்க்கையைப் பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவரது சம்மதமின்றியே வெளியிடலாம் என்றது. கிளினிக் கொப்பி எந்த வகையிலும் பொது ஆவணம் அன்று. பெயரைத் தவிர்த்தேன் என்பதும் உதவாது. உங்கள் பெயர் கட்டுரையின் தலையில் இருக்க, ஒரே தம்பி யாரென்று உறவினருக்கும் அவர் அலுவலகத்துக்கும் தெரியாதா?

நோயை மூடி மறைக்கும் குடும்பங்களுக்காக நான் பேசவில்லை. அந்த மௌனத்தால் சிகிச்சை பிந்திப்போனவர்களின் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. நீங்கள் எடுத்த பொருள் எழுதப்பட வேண்டியது. நீங்கள் தூங்காத இரவுகள், உறவினர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன சொற்கள், வைத்தியரிடம் போகவே உங்கள் வீட்டார் தயங்கிய காலம், இவையெல்லாம் உங்களுடையவை, துணிந்து எழுதுங்கள். தம்பி எந்த மருந்தை எத்தனை வேளை விழுங்குகிறார் என்பது உங்களுடையதன்று. மூத்தவள் என்ற பொறுப்பு கிளினிக் வாசலோடு முடிந்துவிடாது; அவர் குணமடைந்து வேலைக்குப் போகும்போது தலைநிமிர்ந்து போக விடுவதும் அதில் அடங்கும்.

கோரிக்கைக் கடிதத்தில் குறித்த தவணைக்குள் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பேச்சுச் சுதந்திரம் பற்றிய பதிலை நீங்களாக எழுதி அனுப்ப வேண்டாம். அதற்கு முன் கொப்பியைத் தம்பியின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த பகுதியை நிறுத்திவைக்கும்படி சஞ்சிகை ஆசிரியருக்கு இன்றே அறிவியுங்கள். தம்பி அதை வாசித்து, வேண்டாம் என்று சொல்லும் பந்திகளை நீக்கிய பின்னரே அச்சுக்குக் கொடுங்கள்.