வாசகர் கேள்வி பதில்: பாசி பிடித்த புல்தரை

கேள்வி: நாங்கள் குடிவந்த வீட்டில் ஒரு புல்தரை இருக்கிறது. பல வருடங்களாக யாரும் கவனிக்கவில்லை போல, பாதிக்குமேல் பாசி, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. போன வருடம் பாசிக்கொல்லி தெளித்தேன். கறுத்துப்போனது, சந்தோஷப்பட்டேன். மழை வந்ததும் முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்துவிட்டது. இதைவிட வலுவாக என்ன தெளிக்கலாம்?

பதில்: வலுவாக எதுவும் வேண்டாம். போன வருடம் தெளித்த மருந்தே நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, கறுத்ததே அதற்குச் சாட்சி. ஆனால் பாசி போன இடத்தைப் பிடிக்கப் புல் அங்கே இல்லை, அதனால்தான் திரும்ப வந்தது. பாசி புல்லைக் கொன்றுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள், நடப்பது நேர் எதிர்: புல் ஏதோ காரணத்தால் மெலிந்து இடம் விட்டது, ஆளில்லாத திண்ணையில் பாசி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு உண்மையான வேர்கூடக் கிடையாது, மண்ணைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும்தான், தண்ணீரை உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் பறந்து வரும் வித்துகளால் பரவுவதால், அது வராமல் தடுக்க வழியே இல்லை. வந்தால் உட்கார இடம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எனவே முதலில் புல் ஏன் மெலிந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நிழல், இறுகிய மண், தேங்கும் தண்ணீர், உரமில்லாத பட்டினி, ஒட்ட வெட்டுதல், இந்த ஐந்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். மழை பெய்த மறுநாள் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள், ஈரமாக இருந்தும் விரல் நீளத்துக்குக்கூட இறங்காவிட்டால் மண் இறுகிக் கிடக்கிறது. ஒட்ட வெட்டுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நாமே கை காசு போட்டுச் செய்கிறோம். மொட்டையடித்தால் சீக்கிரம் வெட்ட வேண்டியிருக்காது என்று ஒரு கணக்கு. இலை போனால் புல்லுக்குச் சாப்பாடு போச்சு, வேரும் குட்டையாகும், வெயிலும் ஈரமும் நேராக மண்ணில் படும், கணக்கில் லாபம் பாசிக்குத்தான். எப்போது வெட்டினாலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தாலும் இதே விதிதான், சில நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாக இறக்குங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் காலமும் முக்கியம். உங்கள் புல் சுறுசுறுப்பாக வளரும் பருவத்தில் தொடங்குங்கள், அது தூங்கும் பருவத்தில் கிளறினால் ஆறாத புண்ணாகிவிடும். முதலில் பாசியைக் கொல்லுங்கள். அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், போதும். பாசி ஈரமாக இருக்கும்போது, அன்றைக்கு மழை வராது என்று தெரிந்தால், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவை மீறாமல் தெளியுங்கள். அளவு கூடினால் புல்லும் கருகும். சிமென்ட் தரை, கல் பாதை பக்கம் சிந்தினால் துருக் கறை பிடிக்கும், அதைப் போக்குவது பாசியைப் போக்குவதைவிடக் கஷ்டம். ஒன்றிரண்டு வாரத்தில் முழுக்கக் கறுத்ததும் கம்பிப் பல் ரேக்கால் அழுத்தி வாருங்கள். உயிரோடு இருக்கும்போது வாரினால் துண்டு துண்டாக எல்லா இடத்துக்கும் நீங்களே பரப்பிவிடுவீர்கள், பாசி ஒரு துணுக்கிலிருந்துகூட முளைத்துவிடும். கூடவே புல்லடியில் ஒரு சென்டிமீட்டருக்குமேல் காய்ந்த சருகுப் படலம் சேர்ந்திருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். வாரி முடித்தபின் தரை பார்க்கவே சகிக்காது. பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும்.

அப்புறம்தான் பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற வேலை, துளை போடுவது. மண்ணைக் குச்சி குச்சியாக உருவி எடுக்கும் கருவி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தோட்ட ஃபோர்க்கைக் குத்தி லேசாக ஆட்டி எடுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழம், கிட்டத்தட்ட அதே இடைவெளி. மணலும் சலித்த மக்கு உரமும் கலந்து மேலே தூவித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். முதுகு வலிக்கும் வேலைதான், ஆனால் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் தெளிப்பதை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்வேன்.

கேள்வி: சுண்ணாம்பு போட்டால் பாசி ஓடிவிடும் என்கிறார்களே?

பதில்: ஓடாது. சுண்ணாம்பு பாசியைக் கொல்வதில்லை, புளித்த மண்ணின் புளிப்பைக் குறைத்துப் புல்லுக்கு உதவும், அவ்வளவுதான். மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இருந்தால் மட்டும் போடுங்கள். புளிப்பே இல்லாத மண்ணிலும் பாசி சுகமாக வளர்வதுண்டு, அங்கே சுண்ணாம்பு வீண். போடுவதென்றால் அரைத்த சுண்ணாம்புக்கல் பொடி, சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பு புல்லைப் பொசுக்கிவிடும். அன்னபேதியோடும் அமோனியம் கலந்த உரத்தோடும் சேர்த்துப் போடாதீர்கள், இடையில் சில வாரம் விடுங்கள்.

கேள்வி: பாசியை வாரியபின் பாதி தரை வழுக்கையாக இருக்கிறது. மொத்தமாகக் கொத்திப் புதிதாகப் போடலாமா?

பதில்: பாதியளவு நல்ல புல் மிச்சமிருந்தால் கொத்தாதீர்கள், வழுக்கையை மட்டும் நிரப்புங்கள். ஆனால் தாமதிக்கக் கூடாது, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் வாரங்களில் களையும் பாசியும் முந்திக்கொள்ளும். மண்ணை லேசாகக் கீறி விதை தூவி, மண்ணோடு ஒட்டும்படி மிதித்து விடுங்கள். அருகம்புல் மாதிரி ஓடிப் படரும் வகை என்றால் வேர்த் தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டாலே மூடிக்கொள்ளும். முளைக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம், அதுவரை மேல்மண் காயக்கூடாது, லேசாக அடிக்கடி தெளியுங்கள். வேர் பிடித்தபின் பழக்கத்தை மாற்றி, எப்போதாவது ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். தினமும் மேலாக நனைக்கும் தரை பாசிக்குத்தான் பிடிக்கும்.

கேள்வி: மழைக்குப்பின் கரும்பச்சை ஜெல்லி மாதிரி உப்பி வழுக்குகிறதே, அதுவும் பாசியா?

பதில்: நாஸ்டாக் என்கிற நீலப்பச்சை நுண்ணுயிர்க் கூட்டமாக இருக்கலாம். வெயிலில் அப்பளம்போலச் சுருங்கிவிடும், செத்துவிட்டதாக நினைப்பீர்கள், அடுத்த மழையில் மறுபடி உப்பும். காய்ந்திருக்கும்போது சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். கறுப்பு ஜெல்லியின் மேல் மட்டும் நடக்காதீர்கள், பயங்கரமாக வழுக்கும்.

கேள்வி: பெரிய மரத்தடியில் எவ்வளவு விதைத்தாலும் புல் நிற்பதில்லை, பாசிதான் வருகிறது.

பதில்: கீழ்க்கிளைகளைக் கழித்துப் பாருங்கள், நிழல் தாங்கும் வகையை விதைத்து மற்ற இடத்தைவிட உயரமாக வெட்டுங்கள். அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், அது அங்கே தங்காது. இதெல்லாம் செய்தும் நிற்காவிட்டால் பாசியையே விட்டுவிடலாமே? வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம், ஜப்பானில் கியோட்டோ நகரின் சைஹோஜி கோயில் தோட்டம் பாசிக்காகவே பேர் பெற்றது. அப்படி விடுவதானால் விழும் இலைகளை மட்டும் அவ்வப்போது பெருக்கி எடுங்கள், அடியில் மூடிக்கிடந்தால் பாசியும் அழுகும். நடந்து போகும் தடம் இருந்தால் அங்கே கல் பதித்துவிடுங்கள், மிதிபட்டால் பாசி கிழிந்துவிடும்.