ஆறு மணி வரிசை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 24. ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். மூன்று வருடம் பிரவுனில், அதாவது ஹெராயினில், கிடந்தேன். பதினான்கு மாதமாக அதற்கு மாற்று மருந்தான மெத்தடோன் குடிக்கிறேன். வீட்டில் கிரியோல்தான், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. மூன்று கவிதைகள் அனுப்பியிருக்கிறேன். மருந்தை விட்ட பிறகுதான் மீண்டவள் என்று எழுதலாம் என்கிறார் அத்தை. கல்யாணமாக வேண்டிய பெண், பெயர் போட்டு எழுதாதே என்றும் சொல்கிறார். எழுதட்டுமா, வேண்டாமா?

ஒரு வாசகி, மொரீஷியஸ்

அன்புள்ள தங்கைக்கு,

எழுது. ஆனால் முதலில் மருந்து. மெத்தடோனை நம் தீவில் 2006-ல் கொண்டுவந்தார்கள். ஒரு வேளை குடித்தால் ஏறத்தாழ ஒரு நாள் உடம்பைத் தாங்கும். திடீரென்று விட்டால் பழைய வேதனை திரும்பும். அதைத் தாங்காமல் மறுபடி பிரவுனைத் தொட்டால், முன்பு பழகிய அதே அளவே மூச்சை நிறுத்திவிடலாம். குறைப்பதா, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் நீயும் மருத்துவரும் பேச வேண்டியவை. கவிதைக்காக ஒரு நாள் மருந்தைக்கூடத் தவறவிடாதே. காலையில் அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எழுத முழு உரிமை உண்டு.

இனி கவிதைகள். முதல் கவிதையில் 'போதை அரக்கன்' வருகிறான், 'இருள் சூழ்ந்த பாதை' வருகிறது. இவை உன் சொற்கள் அல்ல, பேச்சுப்போட்டியின் சொற்கள். உன்னைக் குறை சொல்லவில்லை. இந்தத் தீவில் நமக்குத் தமிழ் பாடநூலிலிருந்தும் கோயில் மேடையிலிருந்தும் வருகிறது. மூக்கு ஒழுகுவதையும், கொட்டாவி மேல் கொட்டாவி வருவதையும், கெண்டைக்கால் இழுத்து இரவெல்லாம் புரள்வதையும் சொல்லும் தமிழை யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. நீ பட்டதெல்லாம் கிரியோலில் நடந்தது. அந்தச் சொற்களை அப்படியே கொண்டுவா. பிரவுனைப் பிரவுன் என்றே எழுது, செயற்கைப் போதையான சிமிக்கைச் சிமிக் என்றே எழுது. தமிழ் கெட்டுப்போகாது.

இரண்டாவது கவிதையில் அம்மாவின் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுக்கிறாய், நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். 1998-ல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி நோட்டு அச்சிட்டபோது நம்மவர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வளவு போராடிக் காத்த எழுத்தைச் சுருட்டிக்கொண்டு ஒரு பெண் தெருமுனைக்கு ஓடுகிறாள். நீ அதன் கீழே 'ஐயோ, என் பாவமே' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. அச்சிடும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டு. அது அவர் பணம், அவர் வேதனையும்கூட.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: காலை ஆறு மணி, மெத்தடோன் வரிசை. ஆனால் அதில் நிற்பவர்களை 'அவர்கள்' என்கிறாய். நீயும் அங்கேதானே நிற்கிறாய்? கிரியோலில் 'நு' என்ற ஒரே சொல்தான். தமிழில் இரண்டு இருக்கின்றன: கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். 'நாங்கள் நிற்கிறோம்' என்றால் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு முகம் திருப்புகிறவர் வெளியே நிற்பார். 'நாம் நிற்கிறோம்' என்றால் அவரும், உன் அத்தையும், நானும் வரிசைக்குள் வந்துவிடுவோம். என் தம்பி பிரவுனால் செத்தான். கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொன்னோம். அவனைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எது உன் சொல் என்று நீயே முடிவு செய்.

பெயருக்கு வருகிறேன். அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. மறைக்க வேண்டிய குற்றம் என்பதால் அல்ல, கேட்கிற எவளும் அந்த இடத்தில் நின்று பார்க்கலாம் என்பதால் என்றே நான் அதைப் படிக்கிறேன். அந்தக் கூரை உனக்கும் உண்டு. பெயர் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் கல்யாணச் சந்தைக்குப் பயந்து ஒரு கவிதையையும் கிழிக்காதே.

இரவில் தனியாக உட்கார்ந்து ஊசி வரிகளை எழுதாதே, கை பழசைத் தேடும். விடிந்தபின் எழுது, பக்கத்து அறையில் யாராவது இருக்கட்டும்.

வரிசைக் கவிதையைத் திருத்தி அனுப்பு. முதல் மூன்று வரிகள் வேண்டாம். நீ தாமதமாக வரும் நாளில் உன் இடத்தில் தன் குடையை வைத்துக் காத்திருக்கும் கிழவரிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
அக்கா